வச்சிரம் பொறித்த பதக்கம்

பகைவர் எதிரே நின்று காட்டும் வீரத்திற்கு நம் நாடு அளிக்கும் தலைசிறந்த விருது பரம வீர சக்கரம். அதன் வரலாற்றைக் குறித்து நான் அறிந்தவற்றுள் சிலவற்றை இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பெயர் பெரிது, பொருளோ மிகச் சிறிது. பொன்னாலானதன்று, வெள்ளியாலானதுமன்று. குறுக்களவில் 35 மில்லிமீட்டரே உள்ள வெண்கல வட்டம் அது. நடுவில் அசோகரின் சிங்கத் தூணைக் கொண்ட அரசு முத்திரை. அதனைச் சூழ நான்கு வச்சிராயுதங்கள். பின்புறத்தில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் விருதின் பெயர். இரண்டிற்கும் இடையே தாமரை மலர்கள். கோலமோ பூ வேலையோ இல்லாத ஊதா நிற நாடா. கடை வீதியில் விலை கேட்டால் தட்டான் இதற்கு என்ன மதிப்புச் சொல்வான்? ஆனால் 1950 முதல் இன்றுவரை இதனைப் பெற்றவர்கள் 21 பேர்தாம். அவர்களுள் 14 பேர் அதனைத் தம் கையால் வாங்கவில்லை. அவர்களுக்காக மனைவியோ, தாய் தந்தையரோ, உடன்பிறந்தவரோ வாங்கிக்கொண்டனர்.

இந்த விருதுக்கு முன்னோர் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1837ஆம் ஆண்டில் தம் படையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்கென்று ஒரு விருதை ஏற்படுத்தினர். வீரத்தைத் தரம் பிரித்து மூன்று வகுப்புகள் வகுத்தனர். மூன்றாம் வகுப்பைப் பெற்றவனுக்குச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அதிகம். இரண்டாம் வகுப்புக்கு மூன்றில் இரண்டு பங்கு. முதல் வகுப்புக்குச் சம்பளம் இரட்டிப்பு. வணிகர் கண்ட விருதல்லவா? கணக்குத் தெளிவாகவே இருந்தது. ஆயினும் அதனை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணி தம் பெயரால் சிலுவை விருதை ஏற்படுத்தியது 1856ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள். அதற்கு ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே, கடைநிலைச் சிப்பாய்க்கும் ஒரு வீரப் பதக்கம் உண்டு என்ற நியாயம் இந்தியப் பட்டாளத்தில் வழக்குக்கு வந்துவிட்டது.

விக்டோரியா சிலுவை பதவியோ குலமோ பாராமல் வழங்கப்படும் என்று கூறப்பட்டது. ஆனால் இந்தியச் சிப்பாய் அந்த விதிக்குள் அடங்கவில்லை. ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1911ஆம் ஆண்டு தில்லி தர்பாரின்போதுதான் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அக்கதவைத் திறந்தார். மூன்றாண்டுகளில் முதல் உலகப் போர் மூண்டது. 1914ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், பெல்ஜியம் நாட்டின் ஹோலபெக் என்னும் சிற்றூரின் அருகே, பலூச்சிப் படைப்பிரிவைச் சேர்ந்த குதாதாத் கான் ஓர் இயந்திரத் துப்பாக்கியை இயக்கிக்கொண்டிருந்தார். உடனிருந்தவர் யாவரும் மாண்டனர். தாமும் குண்டடிபட்டு, இறந்தவர் என்று பகைவர் எண்ணும்படி கிடந்து, இருட்டிய பின் தவழ்ந்து வந்து தம் படையைச் சேர்ந்தார். விக்டோரியா சிலுவையைப் பெற்ற முதல் இந்தியப் படைவீரர் அவரே.

1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் விடுதலை வந்தது. அக்டோபரில் காஷ்மீரத்தில் போர் வந்தது. அப்போது ஒரு விசித்திரமான சிக்கல் எழுந்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் அன்று டொமினியன் நாடுகள். இரண்டுக்கும் பெயரளவில் ஒரே மன்னர். அந்த மன்னரின் பெயரால் அமைந்த பதக்கத்தை, அவருடைய ஒரு டொமினியனோடு போரிட்டதற்காக மற்றொரு டொமினியனின் வீரருக்குச் சூட்டுவது எங்ஙனம்? புதிய விருதுகள் வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டிலேயே தெளிவாயிற்று. அவற்றுக்கும் மன்னரின் சாசனம் வேண்டுமே என்ற கேள்வி வந்தது. சாசனத்தின் முன்வரைவும் ஆயத்தமாயிற்று. ஆனால் தன்னுரிமை பெற்ற நாட்டின் வீர விருதுக்கு அயல் மன்னரிடம் ஒப்புதல் கேட்பது மனத்துக்கு ஒவ்வவில்லை. பிரதமர் நேருவும் கவர்னர் ஜெனரல் ராஜாஜியும் இதனைக் குறித்துக் கடிதம் எழுதிக்கொண்டனர். குடியரசு பிறக்கும் நாள்வரை பொறுத்திருப்பது, பிறந்த அன்றே விருதுகளை அறிவிப்பது, ஆனால் 1947 ஆகஸ்டு 15 முதலே அவை நடப்பில் இருந்தனவாகக் கொள்வது என்று முடிவாயிற்று. அவ்வண்ணமே 1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் பரம வீர சக்கரம், மகா வீர சக்கரம், வீர சக்கரம் என்னும் மூன்றும் பிறந்தன.

பதக்கத்தை உருவாக்கியவரின் கதை தனிக் கதை. இராணுவத் தலைமையகத்தில் அட்ஜுடன்ட் ஜெனரலாக இருந்த ஹீரா லால் அடல், அப்பணியை ஒரு பெண்மணியிடம் ஒப்படைத்தார். சாவித்திரி கானோல்கர் என்பது அவர் பெயர். ஆனால் 1913ஆம் ஆண்டில் அவர் பிறந்தது சுவிட்சர்லாந்தின் நூஷாத்தேல் நகரில். பெற்றோர் இட்ட பெயர் ஈவ் இவோன் மதே. தந்தை ஹங்கேரி நாட்டவர், தாய் ரஷ்ய நாட்டவர். இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரியில் போர்ப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த விக்ரம் கானோல்கர் என்னும் மராட்டிய இளைஞரை இளவயதில் கண்டார். கடல் கடந்து வந்து 1932ஆம் ஆண்டில் அவரையே மணந்தார். வந்தவர் நம் நாட்டை வேடிக்கை பார்க்கவில்லை. மராட்டியும் இந்தியும் சமஸ்கிருதமும் கற்றார், புராணங்களில் தோய்ந்தார், மகாராஷ்டிரத்து அடியார்களைப் பற்றி நூல் எழுதினார்.

வீரத்திற்கு ஓர் அடையாளம் தேடிய அவர் மனம் ததீசி முனிவரிடம் சென்றது. விருத்திராசுரனை வெல்ல எந்த ஆயுதத்தாலும் இயலாமற்போகவே, தேவர்கள் ததீசியை அணுகி அவருடைய எலும்பையே யாசித்தனர். முனிவர் மகிழ்ந்து உயிரை விட்டார். அவருடைய முதுகெலும்பிலிருந்து இந்திரனின் வச்சிரம் உருவாயிற்று. பதக்கத்தைச் சூழ்ந்திருப்பது அந்த வச்சிரந்தான். இத்தேர்வை எண்ணுந்தோறும் நான் வியப்பதுண்டு. வேலையோ வாளையோ புலியையோ பொறித்திருக்கலாம். யாரும் குறை கூறியிரார். அவரோ, ஆயுதத்தைப் பொறித்து, அந்த ஆயுதம் எவருடைய எலும்பு என்பதைக் காண்பவன் நினைவுக்கு விட்டுவிட்டார். 1990ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

முதல் பதக்கம் யாருக்கு என்பதில் மற்றொரு வியப்பு. சாவித்திரி அம்மையாரின் மூத்த மகள் வாழ்க்கைப்பட்ட குடும்பத்தில், மருமகனின் உடன்பிறந்தவர் மேஜர் சோம்நாத் சர்மா. குமாவோன் படைப்பிரிவின் நான்காம் பட்டாலியனைச் சேர்ந்த அவர், 1947 நவம்பர் 3ஆம் நாள் ஸ்ரீநகருக்கு அருகே பட்காம் என்னும் ஊரில் தம் கம்பெனியோடு நின்றார். ஹாக்கி ஆட்டத்தில் எலும்பு முறிந்து இடக்கையில் மாவுக்கட்டு. வர வேண்டாம் என்று தடுத்தும் வந்தவர். சில மைல் தொலைவில் விமானத் தளம். அது வீழ்ந்தால் ஸ்ரீநகருக்கு உதவிப்படை வர வான்வழியும் இல்லை. பன்மடங்கு மிகுந்த பகைவர் மூன்று புறமும் சூழ்ந்தனர். சர்மா வெட்டவெளியில் ஓடி ஓடித் தம் வீரர்களை நிலைப்படுத்தினார். நம் விமானங்களுக்கு இலக்குக் காட்டத் தரையில் துணிகளை விரித்தார். ஆட்கள் குறைந்தபோது, நல்ல கையொன்றைக்கொண்டு தாமே தோட்டாக்களை நிரப்பித் துப்பாக்கி வீரரிடம் கொடுத்தார். பகைவர் சில முழ தூரத்தில் நெருங்கிவிட்டனர் என்றும், ஓர் அங்குலமும் பின்வாங்குவதில்லை என்றும் தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பிய சிறிது நேரத்தில் அருகிலிருந்த வெடிமருந்தின்மேல் குண்டு வீழ்ந்தது. அவரும் அவரது கம்பெனியில் பலரும் மாண்டனர். ஆனால் பகைவர் முன்னேற்றம் ஆறு மணி நேரம் தடைப்பட்டது. அதற்குள் உதவிப்படை வந்து சேர்ந்தது.

சர்மாவின் பெயரைப் பலரும் அறிவர். அதே போரில் விருது பெற்ற இராமா இராகோபா ராணேயைப் பலர் அறியார். எனக்கு அவர் கதையில் ஒரு தனிப் பற்று. அவர் பொறியாளர் படையைச் சேர்ந்தவர். இப்போது கர்நாடகத்திலுள்ள கார்வார்ப் பகுதியினர். அவர் வேலை சுடுவதன்று, வழி செய்வது. 1948 ஏப்ரலில் நௌஷேராவிலிருந்து ரஜௌரிக்கு நம் டாங்கிகள் செல்லவேண்டும். மலைப் பாதை முழுவதும் பகைவர் கண்ணி வெடிகளைப் புதைத்தும், பைன் மரங்களை வெட்டிச் சாய்த்தும், பாலங்களைத் தகர்த்தும் வைத்திருந்தனர். ஏப்ரல் 8ஆம் நாள் வேலை தொடங்கிய சிறிது நேரத்திலேயே பகைவரின் குண்டுகள் விழுந்தன. ராணேயின் ஆட்கள் இருவர் இறந்தனர், ஐவர் காயமுற்றனர். காயமுற்றவருள் ராணேயும் ஒருவர். அவர் கட்டுப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். ஒரு கட்டத்தில், நகரும் டாங்கியின் அடியில் தாமும் ஊர்ந்து சென்று கண்ணிகளைத் தேடினார் என்பர். நிற்கவும் நகரவும் சாரதிக்குக் கயிற்றை இழுத்துக் குறி காட்டினாராம். 11ஆம் நாள் வரை ஏறத்தாழ ஓய்வே இன்றி உழைத்தார். மறுநாள் நம் படை ரஜௌரியை அடைந்தது. இச்செயலில் பாய்ச்சல் இல்லை, முழக்கம் இல்லை. மண்ணைக் கையால் தடவித் தடவிச் செய்த வேலை இது. அதற்கும் அதே வெண்கலத்தைக் கொடுத்தார்களே, அதுவே இவ்விருதை வகுத்தவர்களின் நியாய உணர்வுக்குச் சான்று என்பது என் கருத்து. ராணே உயிரோடிருந்து அதைப் பெற்றார்.

இங்கே விதியொன்றைக் குறிப்பிடவேண்டும். விக்டோரியா சிலுவை தொடக்கத்தில் இறந்தவர்க்குக் கொடுக்கப்படவில்லை. உயிரோடிருந்தால் இவருக்குப் பரிந்துரைத்திருப்போம் என்று அரசிதழில் ஒரு வரி அச்சிடுவதோடு சரி. தென்னாப்பிரிக்கப் போரின் பின், 1902ஆம் ஆண்டில்தான் அவ்வழக்கம் தளர்ந்தது. நம் விருதோ முதல் நாளிலிருந்தே மாண்டவருக்கும் உரியது. ததீசியை முன்னிறுத்திய பதக்கத்திற்கு வேறு விதி பொருந்தாது.

ஆனால் இறந்தவரின் வீரத்தை யார் சொல்வது? எந்த விருதுக்கும் கண்ட சாட்சி வேண்டும். என் இளமையில் எங்கள் ஊரில் ஒரு பழைய பட்டாளத்துக்காரர் இருந்தார். பர்மாவில் போர் புரிந்தவர். மார்பில் அணிய அவருக்கு இரண்டு பதக்கங்கள் இருந்தன. துணியில் சுற்றி நெல் குதிர்மேல் வைத்திருப்பார். சிறுவர்கள் கேட்டால் எடுத்துக் காட்டுவார். ஆனால் பதக்கத்தைப் பற்றிப் பேசமாட்டார். தம் பக்கத்திலேயே விழுந்த ஒருவரைப் பற்றியே பேசுவார். அந்த மனிதர் செய்ததைப் பார்த்த அதிகாரியும் அன்றே இறந்துவிட்டாராம். ஆதலால் எழுதி அனுப்ப ஆளில்லை.

1962ஆம் ஆண்டுச் சீனப் போரில் இந்தச் சாட்சிக் கேள்வி கூர்மையாக எழுந்தது. லடாக்கில் பதினாறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள ரெசாங் கணவாயை மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில் குமாவோன் பதின்மூன்றாம் பட்டாலியனின் ஒரு கம்பெனி காத்தது. ஏறத்தாழ 120 பேர். நவம்பர் 18ஆம் நாள் விடியற்காலையில் தாக்குதல் வந்தது. இடையில் மலைமுகடு இருந்தமையால் நம் பீரங்கிகள் உதவ இயலவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் அங்கேயே மாண்டனர். தப்பி வந்த சிலர் நடந்ததைச் சொன்னபோது அதனை முழுவதும் நம்பியவர் குறைவு. கடைசி ஆள்வரை, கடைசித் தோட்டா வரை என்று சொல்வது எளிது. அப்படியே நடக்குமா என்று ஐயுற்றனர். 1963 பிப்ரவரியில் பனி மூடிய அம்மலைக்கு மனிதர் சென்றனர். பதுங்குகுழிகளில் வீரர்கள் உறைந்து கிடந்தனர்; கையில் ஆயுதம் பிடித்தபடியே பலர். குண்டடிபட்ட ஷைத்தான் சிங்கைப் பாறையொன்றின் அருகே கிடத்தியதாகத் தப்பியவர் சொல்லியிருந்தனர். அவர் உடல் பாறையருகேதான் இருந்தது. சொன்னவர் சொல்லை இறந்தவர்கள் மெய்ப்பித்தனர்.

அதே போரில் இதற்கு நேர்மாறான ஒன்றும் நிகழ்ந்தது. பாங்கோங் ஏரிக்கரையிலுள்ள சிரிஜாப் காவல் நிலையில் கூர்க்காப் படையின் மேஜர் தன் சிங் தாபா அக்டோபர் 20ஆம் நாள் போரிட்டார். நிலை வீழ்ந்தது, அவரும் வீழ்ந்தார் என்று எண்ணி இறந்தவருக்குரிய முறையில் விருது அறிவிக்கப்பட்டது. ஆனால் அவர் சீனரிடம் சிறைப்பட்டிருந்தார்! 1963ஆம் ஆண்டில் விடுதலையாகி வீடு திரும்பினார். அவருக்குரிய ஈமச் சடங்குகள் அதற்குள் முடிந்துவிட்டிருந்தன என்பர். முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் கார்கிலிலும் இவ்வாறே நேர்ந்தது. புலிமலையில் உடலெங்கும் குண்டு தைத்தும் ஏறிச் சென்ற யோகேந்திர சிங் யாதவ் இறந்துவிட்டார் என்றே முதலில் அறிவிப்பு வந்தது. அவரோ மருத்துவமனையில் கிடந்தார். அப்போது அவருக்கு வயது 19.

சில வேளைகளில் பகைவனே சாட்சியாகிறான். அதே புலிமலையில் பாகிஸ்தானின் கேப்டன் கர்னல் ஷேர் கான் இறுதிவரை போரிட்டு மாண்டார். எதிர்த்து நின்ற நம் பிரிகேடியர் பாஜ்வா, அவர் உடலைத் திருப்பி அனுப்பும்போது, இவர் பெருவீரத்தோடு போரிட்டார் என்று ஒரு சீட்டு எழுதிச் சட்டைப் பையில் வைத்தனுப்பினார். பாகிஸ்தான் அவருக்குத் தன் மிக உயர்ந்த விருதை அளித்தது. மறுபுறமும் ஒன்று சொல்லவேண்டும். 1971 டிசம்பர் 16ஆம் நாள், சக்கர்கட் களத்தில், எரியும் டாங்கியை விட்டு இறங்க மறுத்துப் போரிட்டு மாண்ட அருண் கேத்ரபாலுக்கு 21 வயது. முப்பதாண்டு கழித்து அவருடைய முதிய தந்தை தாம் பிறந்த ஊரைக் காணப் பாகிஸ்தான் சென்றபோது, விருந்தளித்த பிரிகேடியர் நாசர், உங்கள் மகனை வீழ்த்திய டாங்கியில் இருந்தவன் நானே என்று தாமாகவே கூறி, அம்மகனின் வீரத்தையும் போற்றினார்.

ஏனையோரைப் பற்றி விரிப்பின் பெருகும். 1961ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் படையில் காங்கோ சென்று மாண்ட குர்பச்சன் சிங் சலாரியா. 1965ஆம் ஆண்டில் ஜீப்பில் பொருத்திய பீரங்கியைக்கொண்டு டாங்கிகளைத் தகர்த்த அப்துல் ஹமீத். விமானப் படையிலிருந்து இதுவரை இவ்விருதைப் பெற்ற ஒரே வீரரான நிர்மல் ஜித் சிங் செகோன். கடற்படையினர் எவரும் இன்னும் இதனைப் பெறவில்லை. 1999ஆம் ஆண்டுக் கார்கில் போரின் நால்வருக்குப் பின் இந்தப் பட்டியல் நீளவும் இல்லை.

தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய ஒருவர் இந்த இருபத்தொருவருள் உண்டு. மேஜர் இராமசுவாமி பரமேஸ்வரன். 1946ஆம் ஆண்டில் மும்பையில் பிறந்தவர்; சென்னையில் அதிகாரிப் பயிற்சி பெற்று 1972ஆம் ஆண்டில் மகார் படைப்பிரிவில் சேர்ந்தவர். 1987ஆம் ஆண்டில் இந்திய அமைதிப் படையோடு இலங்கை சென்றார். நவம்பர் 25ஆம் நாள் இரவு, யாழ்ப்பாணப் பகுதியில் தேடுதல் முடிந்து திரும்பும் வழியில் அவருடைய அணி பதுங்கியிருந்தோரால் தாக்கப்பட்டது. பரமேஸ்வரன் நிலைகுலையாமல் பின்புறமாகச் சுற்றிச் சென்று எதிரிகளை வளைத்தார். நேருக்கு நேர் நடந்த கைகலப்பில் மார்பில் குண்டு பாய்ந்தது. குண்டு பாய்ந்த நிலையிலும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்து அவனைச் சுட்டு, உயிர் பிரியுமட்டும் தம் ஆட்களுக்கு ஆணையிட்டுக்கொண்டிருந்தார்.

இதனைத் தமிழில் சொல்லும்போது நாத் தயங்குகிறது. அவ்விருளில் இருபுறமும் கேட்டிருக்கக்கூடிய மொழி ஒன்றே. அந்தப் போர் நேர்ந்திருக்கவேண்டுமா என்பதில் அன்றும் இன்றும் தமிழரிடையே பல கருத்துகள் உண்டு. வேறு எந்தப் பரம வீர சக்கரத்தைப் பற்றிப் பேசும்போதும் எழாத ஒரு வேதனை இதில் எனக்கு எழுகிறது. அதனால் அவர் பெயரைச் சொல்லாமல் தாண்டிச் செல்வதும் முறையாகாது. படைவீரன் போரைத் தேர்ந்தெடுப்பதில்லை. அவனுக்கு வாய்த்த களத்தில் அவன் செய்ததையே விருது குறிக்கிறது. சென்னையில் படைத்துறையினர் குடியிருப்பொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

2019ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தில்லி தேசியப் போர் நினைவகத்தில் இருபத்தொருவரின் மார்பளவுச் சிலைகளும் வரிசையாக உள்ளன. 2023ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள், அந்தமான் நிக்கோபாரில் அதுகாறும் பெயரிடப்படாதிருந்த 21 பெரிய தீவுகளுக்கு இவர்களின் பெயர்களே சூட்டப்பட்டன. அவற்றுள் மிகப் பெரியது சோம்நாத் சர்மாவின் பெயரைப் பெற்றது. பரமேஸ்வரனின் பெயரிலும் அக்கடலில் இப்போது ஒரு தீவு உண்டு.